படம் சொல்கிறவனும் நஸ்ஸூனாவின் குழம்பும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பாலாவின் போம்போ சாலைச் சந்தைக்குத் தக்காளி வாங்கப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். கடை இருக்கும், தக்காளி இருக்கும், விற்கிறவள் இருக்க மாட்டாள். கறிக்கடையில் கத்தி தொங்கும், கடைக்காரரைக் காணோம். அத்தனை பேரும் ஹாஜி கசூலேயின் தகரக் கொட்டகைக்குள் பெஞ்சு பெஞ்சாக நெருக்கியடித்து உட்கார்ந்து, கொரியாக்காரன் எடுத்த கொலைத் தொடரில் இந்த வாரம் யார் சாகப் போகிறார்கள் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

கொரிய மொழி அங்கே ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. தெரிந்து என்ன ஆக வேண்டும்? அதற்குத்தான் லுபோவா இருந்தான். திரைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவன், அவன் கையில் மைக். ஒரு கையால் படத்தின் சத்தத்தைத் தணித்து மறு கையால் மைக்கை வாயருகே கொண்டுபோனான் என்றால் கிழவி, குமரி, போலீஸ், நாய் எல்லாம் ஊர் மொழியான லுகாண்டாவில் பேசும். சும்மா சொல்லக் கூடாது, நாய் பேசுகிற லுகாண்டாகூட சுத்தமாக இருக்கும்.

கம்பாலாவில் படம் சொல்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனால் லுபோவாவிடம் இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. படத்தை முன்கூட்டிப் பார்க்கவே மாட்டான். “முன்னாடியே பார்த்துட்டு சொன்னா அது ஆறின சோறுய்யா. உங்களுக்கு பயம் வர்ற நேரத்துலதான் எனக்கும் பயம் வரணும்” என்பான். இன்னொன்று, படத்தில் வருகிற ஆட்களுக்குச் சந்தைக்காரர்களின் பெயரை வைப்பான். அதனால்தான் அந்தக் கொட்டகைக்கு அவ்வளவு கூட்டம். தன் பெயர் திரையில் நடமாடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

துப்பறிகிற பெரிய அதிகாரிக்குக் கறிக்கடை முகீபியின் பெயர். முகீபி சந்தைத் தலைவரும்கூட. பெயர் வைத்த மறுநாளிலிருந்து மனுஷன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தொங்குகிற ஆட்டைக்கூடச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முதல் கொலையில் செத்த பணக்காரனின் மனைவிக்குத் தக்காளிக்கார நம்பூஸேயின் பெயர். “விதவையாக்கிட்டியே பாவி!” என்று அவள் லுபோவாவைத் திட்டினாளே தவிர, ஒரு வாரம் விடாமல் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

பணக்கார வீட்டில் சமையல் செய்கிறவளாக, அமைதியான முகத்தோடு ஒரு பெண் வந்தாள். ஆவி பறக்கும் கிண்ணத்தை அவள் இரண்டு கையாலும் நீட்டியதுதான் தாமதம், லுபோவாவின் வாய் அவனைக் கேட்காமலே, “இவதான் நஸ்ஸூனா” என்று சொல்லிவிட்டது.

சந்தை வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாளே, அந்த நஸ்ஸூனா. வாழைக்காயை வாழையிலையில் பொதிந்து அவித்த மட்டோகேயும் நிலக்கடலைக் குழம்பும் அவள் கையால் சாப்பிட வேண்டும், அடடா! லுபோவா தினமும் அங்கேதான் சாப்பிடுவான். சாப்பிடுவானே தவிர, “இன்னும் கொஞ்சம் குழம்பு” என்பதைத் தாண்டி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊர் உலகத்தில் இருக்கிற அத்தனை காதலர்களுக்கும் வாய் கொடுக்கிறவனுக்குத் தன் காதலைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. படத்தில் துப்பறியும் அதிகாரிக்கு ஒரு டிரைவர் உண்டு. அதிகம் பேசாமல் சமையலறைக் கதவோரம் நின்று சமையல்காரியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு லுபோவா தன் பெயரையே வைத்துக்கொண்டான். கொட்டகைக்கே விஷயம் புரிந்தது. நஸ்ஸூனா புரியாத மாதிரி இருந்தாள்.

தொடர் சூடு பிடித்தது. விருந்து விருந்தாகப் பணக்காரர்கள் சாப்பிட்டுச் சுருண்டு விழுந்தார்கள். விஷம் வைக்கிறது யார்? சந்தையில் வேறு பேச்சே இல்லை. கறி வெட்டும்போது அதே பேச்சு, முடி வெட்டும்போது அதே பேச்சு. செத்தவனின் தம்பியைச் சந்தேகப்பட்டவர்கள், வைத்தியரைச் சந்தேகப்பட்டவர்கள் என்று சந்தையே கட்சி கட்சியாகப் பிரிந்தது. சமையல்காரியைச் சந்தேகப்பட்டது நம்பூஸே ஒருத்திதான். “சோறு போடுறவளை விட்டுட்டு எங்கே தேடுறீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு நின்றது, கரி வியாபாரி ஸெபுன்யா பெரியவர் விழுந்த அன்று. நஸ்ஸூனா கடையில் பாதிச் சாப்பாட்டில் இருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து சரிந்தார். வாடகை பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் மகள் வந்து, “அப்பாவுக்குக் குடல்வால் வீங்கியிருந்துச்சு. அறுத்து எடுத்துட்டாங்க. சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்று கடை கடையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

யார் காதில் வாங்கினார்கள்? “டாக்டருக்கு என்ன தெரியும்?” என்றாள் நம்பூஸே. “படத்துலயும் முதல் ஆள் செத்தப்போ டாக்டர் மாரடைப்புன்னுதானே சொன்னாரு?”

அவ்வளவுதான். அத்தனை பேரும் ஒரே நாளில் துப்பறிவாளர்கள் ஆகிவிட்டார்கள். நஸ்ஸூனா உப்பு டப்பாவை எந்தக் கையால் திறக்கிறாள் என்று ஒருவன் கவனித்தான். பெரியவருக்கும் அவளுக்கும் பழைய பகை இருந்ததாக இன்னொருவன் கண்டுபிடித்தான். மூன்று வேளை சாப்பிட வந்தவர்கள் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். அவித்த மட்டோகே இலைக்குள்ளேயே கறுத்துப்போனது. முகீபி வந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

“பாரும்மா, எனக்கு உன்மேல ஒரு கோபமும் இல்ல. ஆனா திங்கக்கிழமை கமிட்டி கூடுது. சனங்க உன் கடைக்கு வர மாட்டேங்கறாங்க. வாசல்ல இருக்கற இடத்தை சும்மா வெச்சிருக்க முடியாது. துணிக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்.”

அன்று மத்தியானம் ஆளில்லாத கடையில் லுபோவா ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான்.

“நீ பயப்படாதே” என்றான். அவளிடம் குழம்பு கேட்காமல் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். “வர்ற ஞாயித்துக்கிழமை கடைசி வாரம். கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிடும். அந்தச் சமையல்காரி மேல தப்பில்லைன்னு தெரிஞ்சா உன்மேலயும் இல்லைன்னு ஆயிடும். இவங்களுக்கு அதுதான் கோர்ட்டு.”

“படத்தைப் பார்த்துட்டியா?”

“இல்ல.”

“பார்க்காமலே அவ நல்லவன்னு எப்படிச் சொல்ற?”

“அந்த முகத்தைப் பார்த்தா தெரியலையா?”

நஸ்ஸூனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “லுபோவா, ஒரு தடவை முன்னாடியே போட்டுப் பார்த்துடு. என் கடை சமாச்சாரம்.”

“நான் எப்பவும் அப்படிப் பார்த்ததில்ல” என்றான் அந்த மடையன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எள் போட்டால் எண்ணெய்தான். உட்கார இடமில்லாமல் தகரச் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். ஹாஜி கசூலே சந்தோஷத்தில் ஜெனரேட்டரைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். படம் ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் நஸ்ஸூனா உள்ளே வந்தாள். பண்டிகைக்குக் கட்டுகிற மஞ்சள் கோமெஸி உடை, தோளில் மடிப்புக் கலையாமல். வந்தவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களும் எழுந்தார்கள், அந்தப் பக்கம் இருந்தவர்களும் எழுந்தார்கள். அந்த நெரிசலிலும் அவளுக்கு மட்டும் முழு பெஞ்சு கிடைத்தது.

லுபோவா அன்று சொன்னது போல என்றும் சொன்னதில்லை. மழை பெய்தால் மழையானான், கதவு கிறீச்சிட்டால் கதவானான். முகீபி அதிகாரி ஒவ்வொருவராக விசாரித்தார். தம்பி இல்லை, வைத்தியர் இல்லை. கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு சமையலறை. அடுப்பில் பாத்திரம். பாத்திரத்துக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் சின்ன நீல பாட்டில். சொட்டு, சொட்டு.

“பார்த்துக்குங்க! இதோ அந்தக் கை! மணிக்கட்டைப் பாருங்க! தோளைப் பாருங்க! இப்ப முகம், இப்ப முகம்...”

முகம் வந்தது. நஸ்ஸூனா.

அந்த மைக் அப்படி ஊமையாகி யாரும் பார்த்ததில்லை. கொரியாக்காரி என்னவோ முணுமுணுத்தது மட்டும் கேட்டது.

“நான் சொல்லலை?” நம்பூஸே குதித்து எழுந்தாள். “அன்னைக்கே நான் சொல்லலை?”

எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது. “கதவுகிட்ட நில்லுங்கடா, ஓடிடப் போறா!” என்று யாரோ கத்தினான். “பெரியவரைக் கொல்லப் பார்த்தவ!” என்றான் இன்னொருவன். முகீபி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்தச் சந்தையில் திருடன் என்று பெயர் எடுத்தவர்களை ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று லுபோவாவுக்குத் தெரியும். நஸ்ஸூனா அசையவில்லை. யாரையும் பார்க்கவில்லை. அவனை மட்டும் பார்த்தாள்.

“மருந்து!” என்று அலறினான் லுபோவா.

படத்தின் சத்தத்தை அடியோடு நிறுத்தினான். இனி கொரியாக்காரனுக்கு அங்கே வேலையில்லை.

“மருந்துய்யா அது! உட்காருங்க! தலைவரே, உட்காருங்க, அடுத்த காட்சியில நீங்கதான் வரப் போறீங்க!”

முகீபி சட்டென்று உட்கார்ந்தார். தலைவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். திரையில் அதிகாரி வந்து, சமையல்காரி கொடுத்த கிண்ணத்தை வாங்கிக் குடித்து, தடாலென்று விழுந்தார்.

“நான் செத்துட்டேனா?” என்று கேட்டார் முகீபி.

“சாவறதாவது! தூங்குறீங்க! குழம்புல வேற யாரோ விஷம் வெச்சிருக்கான். அதை முறிக்கத்தான் இவ அந்த மருந்தை ஊத்தினா. ஊத்தலைன்னா நீங்க இந்நேரம் காலி. நஸ்ஸூனாதான் உங்க உயிரைக் காப்பாத்தினா!”

முகீபி திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்து, தன்னையறியாமல் கும்பிட்டார்.

நம்பூஸே லேசில் விடுகிறவளா? “அப்ப விஷம் வெச்சது யாரு? பேரைச் சொல்லு!”

கொட்டகை முழுக்க மைக்கின் பக்கம் திரும்பியது. லுபோவாவுக்கு யாராவது ஒருவன் வேண்டும், உடனே வேண்டும். திரையில் அந்த விதவை வந்து நின்று கையைப் பிசைந்தாள். ஐயோ, என்ன பொருத்தம்! “நம்பூஸேதான்!” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்கு இவள் தக்காளியை எவன் வாங்குவான் என்று தோன்றியதும் விழுங்கிக்கொண்டான். வைத்தியருக்கு மருந்துக்கடைக்காரன் பெயர். போலீஸ்காரனுக்குச் சந்தைக் காவலாளி பெயர். யார் முகத்தைக் காட்டினாலும் அந்தப் பெயருக்குரியவன் எதிரிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்!

அப்போது திரையில் சமையலறைக் கதவு திறந்து டிரைவர் வந்தான். சமையல்காரியின் கையிலிருந்த நீல பாட்டிலைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் ஒளித்தான்.

“பார்த்தீங்களா!” லுபோவா மேசைமேல் ஏறிவிட்டான். “பாட்டிலை எடுத்து மறைக்கறான் பாருங்க! ஏன் மறைக்கறான்? குத்தம் செஞ்சவன் அவன்! இத்தனை வாரமா கதவோரமா நின்னுக்கிட்டு, வாயைத் திறக்காம, அந்தப் பொண்ணையே பார்த்துக்கிட்டிருந்தானே, அந்தத் திருட்டுப்பய! யாரு அவன்? சொல்லுங்க, யாரு அவன்?”

“லுபோவா!” என்றது கொட்டகை.

“எனக்குக் கேக்கலை!”

“லுபோவா! லுபோவா! கொலைகாரன் லுபோவா!”

தகரக் கூரை அதிர்ந்தது. கதவில் நின்றவன் கதவை மறந்தான். திரையில் போலீஸ்காரர்கள் வந்து சமையல்காரிக்கு விலங்கு மாட்டினார்கள். லுபோவா ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. “தப்பான ஆளைப் பிடிக்கறாங்க!” என்று ஜனங்களே கத்தினார்கள். “விடுங்கடா அவளை!” “டிரைவரைப் பிடிங்கடா, முட்டாப்பசங்களா!” டிரைவர் வண்டியை ஓட்ட, சமையல்காரி பின்னால் உட்கார்ந்து போனாள். “ஐயோ, கொலைகாரன் வண்டியிலயே ஏத்தறாங்களே! இறங்கு நஸ்ஸூனா, இறங்கு!” என்று தொண்டை கிழியக் கத்தியவள் யாரென்று பார்த்தால், சாட்சாத் நம்பூஸே.

கடைசிக் காட்சி. ஜெயில் கதவு மூடியது. டிரைவர் வெளியே வண்டியில் தனியாக உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். கொட்டகை அடங்கியது. லுபோவா மேசையிலிருந்து இறங்கினான். இதற்கு என்ன சொல்வதென்று யோசிக்கவே இல்லை. வந்தது.

“நான்தான் செஞ்சேன்” என்றான் டிரைவரின் குரலில். “அவ ஒண்ணும் செய்யலை. சோறு போட்டா, அவ்வளவுதான். நான் தினம் போய் சாப்பிட்டுட்டு, சொல்ல வேண்டியதை அவகிட்ட சொல்லத் துப்பில்லாம, ஊருக்கெல்லாம் அவ பேரைச் சொன்னேன். என்னாலதான் அவ பேரு கெட்டுது. அவளைத் தவிர எனக்கு இந்த உலகத்துல வேற யாரையும் பிடிக்காது. அதை நினைச்சுத்தான் அழறேன்.”

பெஞ்சில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது.

“எழுத்துல என்ன போட்டிருக்கான் தெரியுமா?” என்றான் லுபோவா. “அன்னைக்கு சாயங்காலமே நஸ்ஸூனாவை விட்டுட்டாங்களாம். லுபோவா உள்ளே. சுபம்!”

கைதட்டல், விசில், பெஞ்சு மேல் ஆட்டம். அந்தக் களேபரத்தில் நஸ்ஸூனா எப்போது எழுந்து போனாள் என்று அவன் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவன் சந்தைக்குள் நுழைந்ததும் ஆளாளுக்குப் பையைத் தடவினார்கள். “கொலைகாரன் வர்றான், பாட்டிலை ஒளிச்சு வைங்கடா!” என்றார்கள். முடி வெட்டுகிறவன் கத்தியைக் காட்டி, “உன்கிட்ட கொடுக்க பயமா இருக்குப்பா” என்றான். லுபோவா பல்லைக் காட்டிக்கொண்டே நடந்தான். அவன் கண் சந்தை வாசலிலேயே இருந்தது.

நஸ்ஸூனா கடையில் நிற்க இடமில்லை. கமிட்டிக்காரர்கள் நாலு பேரும் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகீபி இரண்டாவது தட்டில் இருந்தார். துணிக்காரன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஸெபுன்யா பெரியவர் அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார்.

“குடல்வால்! பாருங்க, குடல்வால்! இந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல!”

“சரி சரி பெரியவரே, சட்டையை இறக்குங்க” என்றாள் நம்பூஸே, வாய் நிறையக் குழம்போடு. “அதெல்லாம் நேத்தே முடிஞ்சு போச்சு. செஞ்சது லுபோவா.”

பெரியவருக்கு வந்த கோபத்தில் தையல் பிரிந்திருக்கும்.

லுபோவா ஓரமாகப் போய் நின்றான். நஸ்ஸூனா அகப்பையோடு அவன் முன்னால் வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அந்தச் சமையல்காரிதான் செஞ்சா. எனக்கும் கண்ணு இருக்கு.”

“ஆமா.”

“அப்ப நீ சொன்னதெல்லாம் பொய்.”

“பொய்தான்.”

“அந்த டிரைவர் அழுதுகிட்டே சொன்னானே, அதுவும் பொய்யா?”

லுபோவாவுக்கு மைக் இல்லை, மேசை இல்லை, முன்னால் நிறுத்தி வைக்கத் திரையும் இல்லை. “அது மட்டும் பொய் இல்ல” என்றான்.

“என் பேரை எடுத்து ஊர் வாயில போட்டியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்கலை.”

“ஒரு வாரம் அடுப்பு எரிஞ்சு ஆள் வரலை. ராத்திரி ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன், கல்லு விழுமோன்னு. முன்னாடியே பாருன்னு சொன்னேன், நீ கேக்கலை. நேத்து காப்பாத்தினே, சரி. மாட்டிவிட்டதும் நீதானே?”

“நான்தான். தப்புதான், நஸ்ஸூனா.”

“இனிமே என் பேரை எங்க வைக்கறதா இருந்தாலும் என்கிட்ட வந்து கேக்கணும்.”

“கேக்கறேன்” என்றான். பிறகு, “இப்பவே கேக்கறேன்” என்றான். “உன் பேரை என் பேரோட சேர்த்து வைக்கலாமா? படத்துல இல்ல.”

அவன் சின்னக் குரலில்தான் கேட்டான். ஆனால் கடையில் அதற்கு முன்பே மெல்லும் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. தட்டில் கை வைத்தவர்கள் வைத்தபடி, வாயில் போட்டவர்கள் போட்டபடி, எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். ஒருவன் பெஞ்சு மேல் ஏறினான்.

“சொல்லு!” என்றாள் நம்பூஸே. அவளுக்கு உட்கார முடியவில்லை. “சரின்னு சொல்லப் போறியா, இல்லைன்னு சொல்லப் போறியா? சொல்லித் தொலை!”

“ஆமாம்மா, எங்களுக்கும் வேலை இருக்குல்ல” என்றார் முகீபி. அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

நஸ்ஸூனா அவர்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள்.

“போன வாரம் நீங்கள்ளாம் இங்கே வரலை” என்றாள். “இப்ப வந்திருக்கீங்க. சாப்பிடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா இதுக்குப் பதில் உங்களுக்கு இல்ல. இவன்கிட்ட மட்டும் சொல்லுவேன், நீங்கள்ளாம் போனதுக்கு அப்புறம்.”

கடையே கொந்தளித்தது. “இது அநியாயம்!” “கடைசி வாரத்தைக் காட்டாம போறதா?” “நாங்க போக மாட்டோம்!” முகீபி மூன்றாவது தட்டு கேட்டார், நம்பூஸே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நஸ்ஸூனா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும்போதே லுபோவாவை அடுப்புக்கு உள்பக்கம், தான் உட்காருகிற முக்காலியில் உட்காரச் சொன்னாள். தட்டில் மட்டோகே வைத்து, அவன் கேட்காமலே இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவன் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டான்.